காப்பிக்கொட்டை மில்லில் கோதுமை அரைத்த ஊர்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் டி ஸ்மெட் என்று ஒரு சிற்றூர். சுமார் ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் புல்லும் வானமும். உல்லாசப் பயணம் போகிறவர்கள் யாரும் இந்த ஊருக்கு வழி கேட்க மாட்டார்கள். ஆனால் 'லிட்டில் ஹவுஸ்' புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே கால் வைத்ததும் தலைகால் புரியாது. திரும்பின பக்கமெல்லாம் கதையில் வந்த ஒரு கதவு, ஒரு கடை, ஒரு மரம்! எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் காத்திருந்தது: கதை எப்படிக் கதையானது என்று திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க இந்த ஊர் நம்மை அனுமதிக்கிறது.

இந்தப் புத்தகங்களை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867-இல் பிறந்தவர். தன் சிறுவயதைப் புத்தகமாக எழுதி முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 65. ஓரிடத்தில் நிலைக்காமல் கூண்டு வண்டியில் மேற்கே மேற்கே என்று நகர்ந்துகொண்டே இருந்த குடும்பம் அது. கடைசியில் 1879-இல் இங்கே வந்து சேர்ந்தது. அப்போது ஊரே கிடையாது. ரயில் பாதை போட வந்தவர்களின் முகாமும் ஓர் ஏரியும் மட்டும்தான். அப்பா சார்ல்ஸ் இங்கல்ஸுக்கு ரயில்வே கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. குளிர்காலத்துக்கு எல்லாரும் கிளம்பிப் போனபோது, கம்பெனியின் கருவிகளைப் பார்த்துக்கொள்வதற்காக நில அளவையாளர்கள் தங்கியிருந்த வீட்டைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.

அந்த வீடு இன்றும் இருக்கிறது. ஏரிக்கரையில் இருந்ததைப் பிற்பாடு ஊருக்குள் நகர்த்திவிட்டார்கள். புத்தகத்தில் அது ஒரு மாளிகை. அறைக்குள் அறை, சாமான் அறை நிறையச் சாப்பாட்டுப் பொருள், மாடிப்படி. சிறுமி லாரா பிரமித்துப் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பாள். நேரில் உள்ளே நுழைந்தால், அட, நாலு பேர் சேர்ந்து நின்றால் இடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது! இதைப் பார்த்து ஏமாந்து போகிறவர்களும் உண்டு. எனக்கோ சிலிர்த்துவிட்டது. அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் எவ்வளவு சின்ன இடங்களில் முடங்கிக் கிடந்திருந்தால், இந்த வீடு அவளுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்! அறுபது வயதைக் கடந்து எழுத உட்கார்ந்தவர் அந்தப் பன்னிரண்டு வயதுக் கண்ணின் அளவை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார். எழுத்துக் கலையில் இதைவிடக் கடினமான வேலை எது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலேயே ஊரின் முதல் பள்ளிக்கூடம். லாராவும் தங்கை கேரியும் படித்தது. இடையில் பல வருடங்கள் யாரோ குடியிருக்கும் வீடாக மாறி, சுவரில் அடுக்கடுக்காகப் பூச்சு ஏறிப்போயிருந்தது. அதையெல்லாம் உரித்துப் பார்த்தால், கறுப்பு வண்ணம் பூசிய பலகைகள்! அந்தக் காலத்தின் கரும்பலகை அதுதான். தனியாகப் பலகை வாங்கி மாட்டவில்லை, சுவர்ப் பலகைக்கே கறுப்படித்துவிட்டார்கள். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் அலுக்காது.

இப்போது குளிர்காலத்துக்கு வருவோம். இந்த ஊரின் பெருங்கதை அதுதான்.

1880 அக்டோபர் நடுவிலேயே முதல் பனிப்புயல் இறங்கிவிட்டது. அதன்பின் ஓய்ந்தபாடில்லை. மேடுகளை வெட்டிப் போட்ட ரயில் பாதையில் பனி நிரம்பும். ஆட்கள் மண்வாரியோடு வந்து அள்ளிக் கொட்டுவார்கள். அடுத்த புயல் வந்து மறுபடி நிரப்பும். ஜனவரியில் ரயில் அடியோடு நின்றது. ஊருக்கு ரயில்தான் உயிர். நிலக்கரி அதில்தான் வரும், மாவும் அதில்தான் வரும். மரமே இல்லாத சமவெளியில் விறகுக்கு எங்கே போவது? மீண்டும் ரயில் வந்தது மே மாதம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பரிசுப் பீப்பாய் அப்போதுதான் கைக்குக் கிடைத்தது என்று 1940-இல் வந்த லாராவின் 'தி லாங் வின்டர்' நாவல் சொல்கிறது.

ஊருக்கு வெளியே, சார்ல்ஸ் இங்கல்ஸ் மனு போட்டு வாங்கிய அதே நிலத்தில், 'இங்கல்ஸ் ஹோம்ஸ்டெட்' என்ற பெயரில் அந்தக் காலத்து வாழ்க்கையைத் தொட்டுப் பார்க்க வைக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட உதவிய இரண்டு வேலைகளையும் இங்கே நாமே செய்து பார்க்கலாம்.

முதலாவது, புல் முறுக்குவது. சதுப்பில் வளர்ந்து காய்ந்த நீளப் புல்லில் ஒரு பிடி எடுத்து, இரண்டு கையாலும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற அது தானாகவே நடுவில் மடங்கப் பார்க்கும். மடங்க விட்டால், இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொள்ளும். நுனியை இடுக்கில் செருகினால் அவிழாது. வைக்கோல் பிரி திரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. நீளத்தைக் குறைத்து, முறுக்கைக் கூட்டி, கட்டை மாதிரி இறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை சிவந்து போயிற்று. புல்லின் விளிம்பு தோலை அறுக்கிறது. அடுப்பில் போட்டால் ஒரு முறுக்கு சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடும், ஆகவே வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உறைபனிக் குளிரில், விரல் விறைக்க விறைக்க. இந்த விவரமெல்லாம் புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளங்கை எரியும்போது படிக்கிற மாதிரி வருமா!

இரண்டாவது, காப்பிக்கொட்டை மில். கையடக்கமான மரப்பெட்டி, மேலே ஒரு கிண்ணம், பக்கத்தில் சுற்றும் கைப்பிடி, கீழே இழுக்கிற தட்டு. ஒரு பிடி கோதுமையைப் போட்டுச் சுற்றினால் கரகரவென்று சத்தம். இழுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொரகொர மாவு. எவ்வளவு கொஞ்சம்! ஒரு வேளை ரொட்டிக்கே மணிக்கணக்காகச் சுற்ற வேண்டும். மாவு தீர்ந்த பிறகு இங்கல்ஸ் குடும்பம் அப்படித்தான் சாப்பிட்டது. அந்தக் கோதுமையும் சும்மா வரவில்லை. ஊர் இளைஞர்கள் அல்மான்சோ வைல்டரும் கேப் கார்லண்டும், இரண்டு புயலுக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளியில், கோதுமை வைத்திருப்பதாகக் காதில் விழுந்த ஒரு விவசாயியைத் தேடிப் பனிச்சறுக்கு வண்டியில் கிளம்பினார்கள். பணம் போட்டு அனுப்பியவர் கடைக்காரர் லோஃப்டஸ். கேலுமெட் அவென்யூவில் அவர் பெயரிலேயே அந்தக் கடை இன்றும் நடக்கிறது. இப்போது பரிசுப் பொருள் விற்கிறார்கள். வாசலைத் தாண்டும்போதே எனக்கு நெஞ்சு படபடத்தது.

இவ்வளவும் நிஜமா, கிழவியம்மா கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. வானிலை ஆய்வாளர் பார்பரா மேய்ஸ் பூஸ்டெட் பழைய வெப்பநிலை, பனிப்பொழிவுப் பதிவுகளைத் தோண்டியெடுத்து இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். அந்தப் பகுதியின் மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று அது என்பதே விடை. குளிர் விஷயத்தில் லாரா கூட்டிச் சொல்லவே இல்லை.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் நிறைய வெட்டி ஒட்டினார்! இங்கேதான் திரைக்குப் பின்னால் இருப்பது அத்தனையும் தேன். நாவலில் அந்தக் குளிர்காலத்தை அப்பா, அம்மா, நாலு பெண்கள் ஆகிய ஆறு பேர் மட்டும் தனியாகத் தாக்குப்பிடிப்பார்கள். நிஜத்தில் அதே வீட்டில் ஜார்ஜ், மேகி மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதியும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். லாரா முதலில் எழுதி வைத்திருந்த தன்வரலாறு 'பயனியர் கேர்ல்' 2014-இல் அச்சேறியபோது அவர்கள் ஊருக்கெல்லாம் தெரியவந்தார்கள். ஜார்ஜ் வேலைக்கு உதவமாட்டாராம், அடுப்புக்குப் பக்கத்து இடத்தை மட்டும் விடமாட்டாராம். ஒரு குடும்பத்தின் தனிமையைச் சொல்ல வந்த கதைக்கு இந்த விருந்தாளிகள் இடைஞ்சல். லாரா மொத்தமாக நீக்கிவிட்டார். சரியான முடிவு என்றே சொல்வேன். இன்னும் கேளுங்கள்: புத்தகத்தில் வரும் அந்தத் திமிர் பிடித்த நெல்லி ஓல்சன், நிஜத்தில் மூன்று பெண்களைக் கலந்து செய்த பாத்திரம். அதில் டி ஸ்மெட் பள்ளியில் லாராவோடு படித்தவள் ஜெனிவீவ் மாஸ்டர்ஸ். அடுப்போரம் நகராத அந்த ஜார்ஜின் தங்கையேதான்!

கோதுமை கொண்டுவந்த வீரன் அல்மான்சோவைத்தான் லாரா 1885-இல் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேருக்கும் பத்து வயது வித்தியாசம். இளைய வாசகர்களுக்காகக் கதையில் அல்மான்சோவின் வயதைக் குறைத்துவிட்டார்.

இந்தப் புத்தகங்களை வைத்து எடுத்த டெலிவிஷன் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மலை எங்கே என்று தேடுவார்கள். 1974-இல் தொடங்கிய அந்தத் தொடரை எடுத்தது கலிஃபோர்னியாவில். இங்கே மலையே கிடையாது. உயரமாகத் தெரிவது மரம் மட்டும்தான், அதுவும் யாராவது நட்டதாக இருக்கும்.

மரம் என்றதும் சொல்லியாக வேண்டும். சார்ல்ஸ் இங்கல்ஸ் தன் நிலத்தில் காட்டன்வுட் கன்றுகளை நட்டார். மனைவிக்கு ஒன்று, மேரி, லாரா, கேரி, கிரேஸ் நால்வருக்கும் ஆளுக்கொன்று. அவர் நட்ட காட்டன்வுட்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. பிளவுபட்ட தடித்த பட்டை, கை வைத்தால் விரல் உள்ளே புகுகிற ஆழம். காற்று வீசினால் இலைகள் சலசலவென்று அடித்துக்கொள்கின்றன. பெயர் பெற்ற கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் எனக்கு வராத பரவசம் இந்த மரங்களின் அடியில் வந்தது. வெட்கமில்லாமல் ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்தேன்.

இந்த நிலம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 160 ஏக்கருக்கு மனு போட்டு, வீடு கட்டி, உழுது, ஐந்து வருடம் குடியிருந்தால் நிலம் சொந்தம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். சுமார் 16 லட்சம் பேருக்கு இப்படி நிலம் கிடைத்தது. ஆனால் அந்தச் சமவெளி ஆளில்லாமல் கிடந்ததல்ல. டகோட்டா மக்களின் பூமி அது. மாநிலத்தின் பெயரே அவர்களுடையது. சட்டம் வந்த அதே 1862-இல், மினசோட்டாவில் பட்டினியும் ஏமாற்றப்பட்ட ஒப்பந்தங்களும் மூட்டிய போருக்குப் பின், டிசம்பர் 26 அன்று மேன்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். லாராவின் நூல்களில் பூர்வகுடிகளைப் பற்றி வருகிற பகுதிகள் வலிக்கக்கூடியவை. அவர் பெயரில் இருந்த குழந்தை இலக்கிய விருதின் பெயரை 2018-இல் அமெரிக்க நூலகர்கள் மாற்றியது அதனால்தான். இந்தப் புத்தகங்களை நேசிக்கிற நான் இதைச் சொல்லாமல் தாண்ட விரும்பவில்லை. மேன்காட்டோவும், லாரா குடும்பம் முன்பு வாழ்ந்த வால்நட் குரோவும், டி ஸ்மெட்டும் 14-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே வருகின்றன. கிழக்கேயிருந்து காரில் வருகிறவர்கள் மேன்காட்டோவில் இறங்கி, அந்த 38 பேரின் நினைவிடத்தில் நின்றுவிட்டு வர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நாட்டுப்புறத்தின் கதை முழுசாகும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோடையில் போங்கள். ஜூலை வாரக்கடைசிகளில் திறந்த புல்வெளியிலேயே லாராவின் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். நடிப்பது முழுக்க ஊர்க்காரர்கள். நிஜமான அந்தி வானம்தான் மேடைத் திரை. ஹோம்ஸ்டெட்டில் கூண்டு வண்டிக்குள் படுத்துத் தூங்கலாம், முன்பதிவு அவசியம். குழந்தைகள் இருந்தால் குதிரை வண்டியின் கடிவாளத்தைக் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள். பழங்கால கவுனும் பானெட்டும் போட்டுக்கொண்டு ஒற்றை அறைப் பள்ளியில் உட்காரலாம். சோளக்கட்டையில் பொம்மை செய்வதைப் பெரியவர்களும் தவறவிடக் கூடாது. அப்பா 1887-இல் ஊருக்குள் தன் கையால் கட்டிய வீட்டையும் பார்த்துவிடுங்கள். லாரா அதில் குடியிருந்ததில்லை, அதற்குள் கல்யாணமாகிப் போய்விட்டார். அம்மா கடைசி வரை வாழ்ந்தது அங்கேதான், கண் தெரியாத மேரியும் அவரோடு இருந்தார்.

ஒன்று மட்டும் டி ஸ்மெட்டில் கிடைக்காது. 'தி லாங் வின்டர்' நாவலில், குளிரில் கை விறைத்து அப்பாவால் வாசிக்க முடியாமல் போகிற அந்த ஃபிடில். லாராவும் அல்மான்சோவும் 1894-இல் மிசூரி மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார்கள், ஃபிடில் இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சும்மா கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், அவ்வப்போது வெளியே எடுத்து வாசிக்கவும் செய்கிறார்களாம். வாசிக்கிற நாள் எப்போது என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்!