ஓடும் செயினில் துணி வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். பைக் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, முதல் கியர் விழுந்திருக்கிறது, பின்சக்கரம் தானாகச் சுற்றுகிறது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு கையில் ஆயில் கேனும் மறு கையில் பனியன் வேஸ்ட்டுமாகச் செயினைத் துடைக்கிறார். வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. ஆனால் வேஸ்ட்டின் ஒரு நூல் ஸ்ப்ராக்கெட் பல்லில் மாட்டினால் துணி உள்ளே போகும். துணியைச் சுற்றிப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நினைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

கத்தியில் வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைப்பதைவிடச் செயினில் சிக்கிய விரலை ஒட்டவைப்பது கடினம். கத்தி வெட்டுகிறது, செயின் நசுக்கிப் பிய்க்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் இத்தகைய சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. அங்கே போய்ச் சேரும்வரை துண்டான விரலைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸ்கட்டியில் போட்டால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

இது நடக்காமல் தடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. எஞ்சினை நிறுத்துங்கள், நியூட்ரலில் போடுங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். முன்னோக்கிச் சுற்றினால் கீழ்வரிசைச் செயின் பின்சக்கரத்தின் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகிறது. பின்னோக்கிச் சுற்றினால் அதைவிட்டு வெளியே வருகிறது. பெரிய ஸ்ப்ராக்கெட்டை ஒட்டிய அந்தக் கீழ்வரிசையில்தான் துடைக்க வேண்டும். சுற்றும்போது துடைக்காமல், நிறுத்தி நிறுத்தித் துடைத்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எண்ணெய் எதற்கு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. 'செயின் நீண்டுவிட்டது' என்று மெக்கானிக் சொல்வார். இரும்புத் தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதன்மேல் ஒரு புஷ், அதன்மேல் உருளும் ஒரு ரோலர் இருக்கின்றன. பின்னும் புஷ்ஷும் உரசித் தேயத் தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. 100 முதல் 160 சிசி வரையிலான நம்மூர் வண்டிகள் பலவற்றில் உள்ள 428 வகைச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர். இருபது கண்ணிக்கு 254. செயினை இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது 259-ஐத் தொட்டால், கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். 2 சதவீதம், மாற்றும் காலம் வந்துவிட்டது. சில நிறுவனங்கள் இதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருக்கின்றன. மேனுவலில் இருப்பதே செல்லும்.

ஓ-ரிங் செயின் சங்கதி வேறு. அதில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை வைத்துத் தொழிற்சாலையிலேயே ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். வெளியே நாம் விடும் எண்ணெய் அங்கே போகாது, போகவும் வேண்டாம். ரோலர் துருப்பிடிக்காமலும் ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமலும் பார்த்துக்கொள்வதுதான் அந்த எண்ணெயின் வேலை. ஆகவே ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவுவதும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் காசு கொடுத்து அதைக் கெடுக்கும் வேலை. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று அச்சிட்ட செயின் கிளீனர் வாங்குங்கள்.

பட்டறையில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இலவசம் என்பதுதான் அதன் ஒரே தகுதி. அதில் கரியும் உலோகத் துகளும் அமிலமும் இருக்கின்றன, தோலுக்கும் கெடுதல். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் பழைய எஞ்சின் ஆயில் அபாயகரக் கழிவு. பல வண்டிகளின் மேனுவல் சொல்வது சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலைத்தான். மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு ஒருமுறை, பலருக்கு அது 500 ஒட்டி வரும், செயினின் உள்பக்கத்தில் விட வேண்டும். சுழலும்போது எண்ணெய் வெளிநோக்கி ஓடும் என்பதால் உள்ளே விட்டது ரோலர்வரை பரவும். வெளியே விட்டது தெறித்து டயருக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த செயினும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றில் ஓடிய செயினும் 500 கிலோமீட்டர் வரை காத்திருக்காது.

இவ்வளவு வேலையையும் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? தானியங்கி ஆயிலர் என்பது ஒரு சின்னத் தொட்டி, ஒரு குழாய், பின் ஸ்ப்ராக்கெட்டின் கீழ்ப்புறத்தைத் தொட்டபடி ஒரு முனை. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு. ஸ்காட்லாந்தின் ஸ்காட்டாய்லர் இதில் பழைய பெயர். அதன் ஒரு வகை, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் வால்வைத் திறக்கிறது. எஞ்சின் நின்றால் சொட்டும் நிற்கும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடினால் அப்போதும் சொட்டும். மின்னணு வகை, வண்டியின் அசைவை உணர்ந்து ஓடும்போது மட்டும் சொட்டுகிறது. மூன்றாவது, கையால் திருகும் மலிவான வகை. அதை மூட மறந்தால் காலையில் பார்க்கிங் தரையில் எண்ணெய்க் குளம் இருக்கும்.

சொட்டுக் கணக்கை நாமே போடலாம். இருபது சொட்டு ஏறத்தாழ 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3 மில்லி. 50 மில்லித் தொட்டி 16 மணி நேரம் தாங்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் 800 கிலோமீட்டர். தானியங்கி என்றாலும் தொட்டியை நிரப்பவும் முனை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். மார்கழிக் குளிரில் அளந்து வைத்த சொட்டு, அக்னி நட்சத்திரத்தில் எண்ணெய் இளகி இரட்டிப்பாகலாம். கூடுதல் எண்ணெய் போய்ச் சேருமிடம் பின் டயர். வளைவில் வண்டி சாயும்போது டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கருவி மாட்டிய முதல் வாரம் தினமும் டயரின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பிசுக்கு வந்தால் சொட்டைக் குறைக்க வேண்டும்.

யாருக்கு இது தேவை? இறக்குமதிக் கருவி ஒன்றின் விலையில் 100 சிசி வண்டிக்கு நாலைந்து முறை செயின் செட் மாற்றிவிடலாம். செயினை முழுதாக மூடிய கவர் இருக்கும் வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அந்த இரும்புக் கவரே பாதிப் பராமரிப்பு. ஆயிலர் மாட்டுவதற்காக அதைக் கழற்றுவது முட்டாள்தனம், புடவையும் துப்பட்டாவும் பின்னால் உட்காரும் ஊரில். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி கட்டாயமாக்கியிருக்கிறது. செயின் திறந்து கிடக்கும் பெரிய வண்டியில் மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆயிலர் பயன்படும். மிச்சமாகும் காசைவிட, செயின் பக்கம் கை போகும் தடவை குறைகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சட்டம் தடுக்குமா என்று கேட்பார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. சொட்டு எண்ணெய்த் தொட்டி அந்த விவரங்கள் எதையும் தொடுவதில்லை. வாரண்டியில்தான் சிக்கல் வரும். மின்னணு வகைக்கு வயரிங்கில் இணைப்பு எடுக்க வேண்டும். உறிஞ்சுவிசை வகைக்கு எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இணைப்பு எடுக்க வேண்டும், அங்கே காற்று கசிந்தால் ஐடிலிங் தடுமாறும். நாளை எலெக்ட்ரிக்கல் கோளாறு என்று போய் நின்றால், 'வெளியே கை வைத்துவிட்டீர்கள்' என்று கை விரிப்பார்கள். மாட்டுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொன்ன 'ஒண்ணும் ஆகாது சார்' எங்கேயும் செல்லாது.

செயின் செட் வாங்குவதிலும் ஏமாற்று நிறைய. ரோலான் செயினைத் தயாரிக்கும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் கோவை நிறுவனம், டி.ஐ. டயமண்ட் செயின் சென்னையைச் சேர்ந்தது. செயின் செய்யும் மாநிலத்தில் இருந்துகொண்டு பேர் தெரியாத பெட்டியை வாங்குகிறோம். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளென்றால் எந்த நாடு என்பதும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது இது.

எனக்கே நடந்தது. செயின் மாற்றி மூன்றாம் வாரம், அதன் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கழன்று செயின் அறுந்தது. நல்லவேளை, தெருமுனையில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேகத்தில் அறுந்த செயின் முன்பக்கம் சுருண்டால் எஞ்சின் கேஸை உடைக்கும், பின்சக்கரத்தையும் இறுக்கிவிடும். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்; திருப்பிப் போட்டிருந்தார்கள். பட்டறைக்காரர் 'நம்ம போட்டது இல்லண்ணே' என்றார். என்னிடம் பில் இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டுபவர்கள், 'இது தொழிலுக்கான வண்டி, நாம் நுகர்வோர் இல்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் என்றால் அவர்களும் நுகர்வோரே. சட்டம் அதை விளக்கமாகவே எழுதியிருக்கிறது.

இப்போதெல்லாம் பில்லில் 'செயின் செட்' என்று மட்டும் எழுதினால் நான் வாங்குவதில்லை. செயின் நம்பர், பிராண்ட், மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், மாட்டுக்கூலி தனியாக. எழுதி முடித்ததும் லாக்கின் திசை தெரியும்படி செயினை ஒரு படமும் எடுத்துக்கொள்கிறேன். பட்டறைப் பையன் சிரிக்கிறான். ஆனால் லாக்கை இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தருகிறான்.