பத்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி, வார்டில் உள்ள கணினிக்கு முடிவை அனுப்ப வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும். அந்த மொழிக்கு இலக்கணம் எழுத 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு எச்.எல்.7. அதன் இரண்டாம் பதிப்பு இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நோயாளியின் அடையாளப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். ஐந்தாவது கட்டம் பெயர். அதிலும் குடும்பப் பெயர்தான் முதலில். பத்தாவது, இனம். பத்தொன்பதாவது, அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு மருத்துவமனை அப்பாவின் முழுப்பெயரைப் போட்டு, இன்னொன்று வெறும் எழுத்தைப் போட்டால், ஒரே ஆள் கணினிக்கு இரண்டு பேராகிவிடுவார். இதில் யாருடைய சதியும் இல்லை. எழுத உட்கார்ந்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான படிவத்தை எழுதினார்கள், அவ்வளவுதான். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பின்வந்த பதிப்புகள் கழித்துக்கட்டின.

2011-ல் தொடங்கிய, எச்.எல்.7-ன் அடுத்த தலைமுறைத் தரநிலையான 'ஃபயர்' இதற்கு நேர்மாறான கதை. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் அதைத் தொடங்கிவைத்தார். நெதர்லாந்தின் எவவுட் கிராமரும் கனடாவின் லாய்ட் மெக்கென்ஸியும் தொடக்கத்திலேயே தோள்கொடுத்தார்கள். மூவரில் ஒருவர்கூட அமெரிக்கர் இல்லை. ஃபயரில் நோயாளியின் அடிப்படைப் பதிவில் இனத்துக்குக் கட்டமே கிடையாது. தேவைப்படும் அமெரிக்கா அதைத் தன் தனி நீட்சியாக வைத்துக்கொள்கிறது. குடும்பப் பெயர் கட்டாயமில்லை, முழுப்பெயரையும் அப்படியே ஒரே வரியில் எழுதலாம். பெரும்பாலான மென்பொருள்கள் பயன்படுத்துவதை மட்டும் மையத்தில் வை, மற்றதை நீட்சிக்குத் தள்ளு என்ற விதியே இதற்குக் காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் யாருடைய மென்பொருள்களில் பெரும்பாலானவை? அதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து அந்த எல்லைக்கோடு நகரும். ஆகவே எச்.எல்.7-ன் தலைமையைப் பல நாட்டவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது மரியாதைக்காகக் கேட்கும் நாற்காலி அல்ல. தரநிலையின் தரம் சார்ந்த கேள்வி.

பணம் கொடுப்பது அமெரிக்கா, முடிவும் அங்கேதான் இருக்கும் என்பது முதல் மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2016-ல் அங்கே நிறைவேறிய சட்டத்தையும் 2020-ல் வந்த விதிகளையும் தொடர்ந்தே ஃபயர் அந்நாட்டில் அரசுச் சான்று பெறும் மருத்துவ மென்பொருள்களுக்குக் கட்டாயமானது. அந்த உந்துதல் இல்லாமல் அது இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. ஆனால் பணம் வரும் வழியை மாற்ற முடியும் என்பதற்கு ஸ்னோமெட் சாட்சி. அமெரிக்க நோய்க்கூறியல் கல்லூரியிடம் இருந்த அந்த மருத்துவச் சொல் தொகுப்பை 2007-ல் ஒன்பது நாடுகள் சேர்ந்து வாங்கி, உறுப்பு நாடுகளுக்கே சொந்தமான அமைப்பாக்கின. அவரவர் செல்வநிலைக்கு ஏற்பக் கட்டணம். அமெரிக்காவும் அந்த ஒன்பதில் ஒன்று. உரிமையைப் பகிர்ந்ததால் அது பயன்படுத்துவதை நிறுத்திவிடவில்லை. நிறுவனங்களும் தனிநபர்களும் உறுப்பினராக உள்ள எச்.எல்.7-க்கு அதே உடை அப்படியே பொருந்தாது என்றாலும், அளவெடுத்துப் பார்க்கலாம்.

நாடுகள் கூடினால் வேலை நடக்காது என்பது இன்னொரு மறுப்பு. தொழில்நுட்பக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் நாடுவாரியாகக் கையுயர்த்தினால் நடக்காதுதான். அதை யாரும் கேட்கவில்லை. எந்த வேலைக்கு முன்னுரிமை, எந்த நாட்டில் மாநாடு, எந்த நேரத்தில் இணையவழிக் கூட்டம் என்பவற்றை முடிவுசெய்யும் இடங்களைத்தான் கேட்கிறோம். நேரம் சின்ன விஷயமாகத் தோன்றும். கோடையில் வாஷிங்டனில் பிற்பகல் மூன்று மணி என்றால் சென்னையில் நள்ளிரவு பன்னிரண்டரை. பணிக்குழுக் கூட்டங்களில் தொடர்ந்து முகம் காட்டுபவர்தான் குழுத் தலைவராகிறார், பிறகு இயக்குநர் தேர்தலில் நிற்கிறார். தூக்கம் கெட்டு எத்தனை ஆண்டுகள் ஒருவர் அந்தப் படியில் ஏறுவார்?

இடம் கேட்கும் நமக்கும் பொறுப்பு உண்டு. இந்தியாவில் 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஃபயரின் நான்காம் வெளியீட்டின் மேல்தான் நிற்கிறது. எச்.எல்.7-ல் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்களுடைய நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பவை அவரவர் நிறுவனங்கள். இந்திய அரசும் தன் மருத்துவர்களில், பொறியாளர்களில் சிலருக்கு வாரம் ஒரு நாளை இந்த வேலைக்கென்றே ஒதுக்கித் தரட்டும். எச்.எல்.7 தன் இணையவழிக் கூட்டங்களில் பாதியையாவது நமக்கும் பகலாக இருக்கும் நேரத்துக்கு மாற்றட்டும்.