எலும்பை அரிக்கும் காவலர்கள்

கிருமிகளை விரட்டும் நோய் எதிர்ப்புச் செல்களே எலும்பைக் கரைக்கவும் உத்தரவு போடுகின்றன. அந்த உத்தரவை ரத்து செய்யும் வழியைத் தேடுகிறது புனே ஆய்வகம் ஒன்று.

வீட்டுத் தூணைப் போல ஒருமுறை நட்டுவிட்டால் எலும்பு அப்படியே நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓயாமல் இடித்துக் கட்டப்படும் கட்டடம். வளர்ந்தவர்களின் எலும்பில் சுமார் 10 சதவீதம் ஆண்டுதோறும் புதிதாகிறது. பழையதை இடிப்பவை 'ஆஸ்டியோகிளாஸ்ட்' செல்கள். புதிதாகக் கட்டுபவை 'ஆஸ்டியோபிளாஸ்ட்' செல்கள். இடிப்பும் கட்டுமானமும் சமமாக இருக்கும்வரை கவலையில்லை. இடிப்பு மிஞ்சினால் எலும்பு மெலிகிறது. லேசாக வழுக்கி விழுந்தாலே இடுப்பு முறிகிறது.

இடிக்கும் செல்களை ஏவி விடுவது யார்? இந்தக் கேள்விக்கான விடைதான் மருத்துவர்களை ஆச்சரியப்படுத்தியது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. கிருமிகளை விழுங்கும் 'மேக்ரோஃபேஜ்' செல்களும் ஆஸ்டியோகிளாஸ்டும் எலும்பு மஜ்ஜையில் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. தூண்டப்பட்ட வெள்ளை அணுக்கள் சுரக்கும் திரவம் எலும்பைக் கரைக்கிறது என்று 1972இலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். ஆனால் கரைப்பது எது என்று உறுதியாகத் தெரிய கால் நூற்றாண்டு ஆனது.

1997-98இல் நோய் எதிர்ப்புத் துறையினர் 'டி' செல்களில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். எலும்புத் துறையினர் ஆஸ்டியோகிளாஸ்டை உருவாக்கும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே! இன்று அதன் பெயர் 'ராங்க்-எல்'. இரு துறைகளையும் இணைத்து 2000இல் 'ஆஸ்டியோஇம்யூனாலஜி' என்று புதிய பெயரும் சூட்டப்பட்டது.

இந்தத் துறையில் இந்தியாவின் குறிப்பிடத்தக்க பங்களிப்பு புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தது. அங்கே மோகன் வானியின் குழு தேர்ந்தெடுத்தது, 'டி' செல்கள் சுரக்கும் 'இன்டர்லூகின்-3' என்ற புரதத்தை. எலும்பை அரிக்க உத்தரவிடும் அதே செல்களிடம் அதைத் தடுக்கும் மருந்தும் இருக்குமா என்பதே கேள்வி.

இருக்கிறது என்றது 2003இல் வெளியான ஆய்வு. ஆஸ்டியோகிளாஸ்டாக மாறவிருந்த எலியின் இளம் செல்களை இன்டர்லூகின்-3 தடுத்து, மேக்ரோஃபேஜ் வழிக்குத் திருப்பிவிட்டது. திரும்பிய செல்கள் மறுபடி இடிப்பு வேலைக்குப் போகவில்லை. மூட்டுவாதத்தால் அவதிப்படும் எலிகளில் மூட்டுச் சிதைவையும் இந்தப் புரதம் தடுத்ததாக 2009இல் தெரிந்தது. எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் 'டி' செல்களை அது பெருக்குவதாக 2011இல் குழு அறிவித்தது. மனித மூலச் செல்களைக் கட்டும் செல்களாக மாறவும் அது தூண்டுகிறது என்பது அடுத்த ஆண்டு ஆய்வின் முடிவு. இடிப்பை நிறுத்தி, கட்டுமானத்தையும் முடுக்கும் ஒரே பொருள் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் சோதனைக்கூடத்துக்கும் மருந்துக்கடைக்கும் இடையே தூரம் அதிகம். ரத்தச் செல்களின் வளர்ச்சியிலும் தலையிடும் இப்புரதத்தை மனிதர்களுக்குக் கொடுப்பது சுலபமல்ல.

இதெல்லாம் சாதாரண மக்களுக்கு எதற்கு? முடக்குவாதம் (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) என்ற நோயைப் பார்த்தால் புரியும். எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் அந்த நோய். வலியும் வீக்கமும் மட்டுமல்ல, மூட்டை ஒட்டிய எலும்பும் அரிக்கப்படுகிறது. வலி தணிக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் நாளடைவில் எலும்பை மெலிய வைக்கின்றன. நோயும் அடிக்கிறது, மருந்தும் அடிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது 'டி' செல்கள் கூடுதலாகத் தூண்டப்பட்டு எலும்பை அரிக்கத் துணைபோவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. டெல்லி எய்ம்ஸில் பணியாற்றும் ரூபேஷ் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, 2018இல் இதற்கு 'இம்யூனோபொரோசிஸ்' என்று பெயரிட்டது. ஸ்ரீவாஸ்தவா, புனே குழுவில் ஆய்வு செய்தவர்.

ஏற்கெனவே கைக்கு வந்த மருந்துகளும் உண்டு. ராங்க்-எல் புரதத்தை முடக்கும் டெனோசுமாப் ஊசிக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இடையில் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் 'டிஎன்எஃப்' தடுப்பு மருந்துகள் காவலைத் தளர்த்துவதால், உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் ஊசி போடுவதற்கு முன்பே பரிசோதனை அவசியம்.

மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மருத்துவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கால்சியம், வைட்டமின் டி, நடை ஆகியவற்றோடு, மூட்டு வீக்கத்தை ஆரம்பத்திலேயே அடக்குவதும் எலும்பைக் காக்கும் சிகிச்சைதான். காலையில் எழும்போது விரல்கள் வெகுநேரம் விறைத்திருந்தால், வயதாகிறது என்று தள்ளிப்போடுவது வீண் தாமதம். அரித்துப் போன மூட்டைப் பழையபடி கட்டித்தர இன்னும் மருந்து வரவில்லை.