கல் எங்கே கிடந்தது?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் நீர்நிலை ஒன்றைத் தூர்வாரியபோது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. ஊர் திரண்டது. புவியியலாளர்கள் நேரில் வந்து பார்த்துச் சொன்ன விடை வேறு. அம்மோனைட் என்னும் கடலுயிரியின் எச்சத்தோடு வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் அவை.

ஊரார் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. 2009-இல் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், செந்துறைப் பகுதியில், டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அறிவித்திருந்தார்கள். இரண்டும் உருண்டைதான், இரண்டும் கல்தான். ஆனால் டைனோசர் தரையில் முட்டையிட்டது. அம்மோனைட் கடலில் நீந்தியது. கல் வந்த அடுக்கு கடல் வண்டலா, ஆற்று மணலா என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். புதைபடிவம் தேடத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டிய கேள்வி இதுதான்: கல் எங்கே கிடந்தது?

இதைக் கற்றுக்கொள்ள அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. கிரெடேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்திய நிலத்துண்டு அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபின் கடல் இங்கே உள்ளே ஏறியது, பின்வாங்கியது, மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு முறையும் அது விட்டுப்போன வண்டல், ஏடு ஏடாக இன்னும் இருக்கிறது. கீழேயிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நினியூர் என்று அந்த அடுக்குத் தொகுதிகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த அந்தக் காலக்கோடு, அரியலூர்த் தொகுதிக்கும் நினியூர்த் தொகுதிக்கும் இடையே வருகிறது. நினியூர் அடுக்குகளில் அம்மோனைட் இல்லை. இங்குள்ள சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடலின் சொத்தே. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பருத்த சிப்பிகள் அடுக்கி வைத்தாற்போல நெருங்கிக் கிடக்கும்.

வெளியில் கிளம்புவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்கு அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பகுதியில் தொடங்கலாம். பெயரோடு வைத்திருக்கும் ஐம்பது மாதிரிகளை அரை நாள் நின்று பார்த்தவருக்கு, ஓடைக்கரையில் கிடக்கும் ஐம்பத்தோராவது தானாகவே கண்ணில் படும்.

பல வீடுகளில் பூஜை மாடத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம், இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் எச்சம். திருமாலின் சக்கரம் என்று வணங்கப்படும் அந்தச் சுருள்தான் அம்மோனைட்டின் முதல் அடையாளம். நத்தை ஓடு பெரும்பாலும் பம்பரம்போல் ஒரு பக்கம் கூம்பி எழும். அம்மோனைட் சுருட்டி வைத்த பாய்போல ஒரே தளத்தில் சுருளும். ஓட்டின் மேல் விலா எலும்பு போன்ற வரிகள் ஓடும். மேலோடு உதிர்ந்திருந்தால் இலை விளிம்புபோல நெளிந்து நெளிந்து செல்லும் கோடுகள் தெரியும். உள்ளே இருந்த அறைகளின் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. அந்தக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற நீண்ட கல் கிடைத்தால் அது பெலம்னைட்டாக இருக்கலாம். கணவாய் மீனின் தூரத்து உறவினரான அதன் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி அது. உடைந்த முனையைப் பார்த்தால், நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் கோடுகள் விரிந்திருக்கும். இதே வட்டாரத்தில் காரை கிராமத்தையொட்டிய செம்மண் பள்ளங்களில் பெலம்னைட்டுகள் நிறையக் கிடந்தன. சுறாப் பற்களும் கிடைத்திருக்கின்றன. இரட்டை ஓட்டுச் சிப்பி என்றால், இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியில்லாமல், ஒவ்வொரு ஓடும் தனக்குள்ளே இடமும் வலமும் ஒத்து, ஒரு ஓடு மற்றதைவிடப் பெரிதாக இருந்தால், அது பிராக்கியோபாடு என்னும் வேறு இனம். ஆனால் கிரிஃபியா போன்ற சில சிப்பிகளில் ஒரு ஓடு குழிந்தும் மற்றது மூடிபோல் தட்டையாகவும் இருக்கும். இந்த ஒரு விதிவிலக்கே தொடங்குபவர்களை அதிகம் ஏமாற்றுகிறது.

ஏமாற்றும் கற்கள் வேறும் உண்டு. பாறைப் பிளவில் பெரணி இலைபோலக் கறுப்பாகப் படர்ந்திருப்பது பல சமயம் செடியே அல்ல. நீரோடு கசிந்த மாங்கனீசுத் தாது வரைந்த கோலம். எலும்புபோலவும் முட்டைபோலவும் தோன்றும் பல கற்களும் அப்படித்தான். வெளி உருவத்தை மட்டும் நம்பக் கூடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால், உயிரின் எச்சத்தில் ஒழுங்கான அமைப்பு திரும்பத் திரும்ப வரும்: வரிகள், துளைகள், வளையங்கள். கல்மரத்தில் மரத்தின் நார்வரி அப்படியே தெரியும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அடிமரத்தை 1940-இல் முதலில் அறிவித்தவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். அந்த மரம் அங்கே வளர்ந்ததல்ல. கடலுக்கு அடித்துவரப்பட்டு வண்டலில் புதைந்து கல்லானது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் அதைவிட மிக இளையவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். இரண்டு இடங்களும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

மற்ற இடங்களில் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். சுரங்கத்துக்குள் அனுமதியின்றிப் போகவே கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்கள் நல்ல காலம். மழை மண்ணைக் கரைத்துப் புதிய கற்களை வெளியே விட்டிருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். சுத்தியல் முதல் வருடத்தில் தேவையில்லை. பாறையில் பதிந்திருப்பதை அனுபவமில்லாத கை தட்டினால் பெரும்பாலும் உடைந்துதான் வரும். தானாக உதிர்ந்து கிடப்பவையே கற்றுக்கொள்ளப் போதும். அவற்றிலும் வகைக்கு ஒன்று எடுத்தால் போதும். காரையில் படம் மட்டும் எடுத்துத் திரும்புவதே முறை. அந்தப் பள்ளங்களிலிருந்து ஏற்கெனவே பை பையாகப் போய்விட்டது.

எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து, கிடந்தது கிடந்தபடி படம் எடுக்க வேண்டும். செல்பேசி காட்டும் இடக்குறியீடு, நாள், மண்ணின் நிறம், கூடவே கிடந்த மற்ற உயிர்களின் எச்சங்கள், இவ்வளவையும் நோட்டில் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தபின் கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து எண் எழுதி, அதே எண்ணை நோட்டிலும் போட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இது இல்லாத சேகரிப்பு, அலமாரியில் அழகாக இருக்கும் கற்குவியல் மட்டுமே.

இதற்குச் சான்று அரியலூரிலேயே இருக்கிறது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்தப் பகுதியில் திரட்டிய புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். அடுத்து வந்த எச்.எஃப். பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக நடந்து அடுக்குகளை வரைபடமாக்கினார். அவர் காலத்துக் களப்பணியில் திரண்டவற்றை வைத்துக் கொல்கத்தாவில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா எழுதிய தென்னிந்தியக் கிரெடேசியஸ் உயிர்கள் பற்றிய தொகுதிகள், இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல்கள். ஸ்டோலிச்கா 1874-இல், 36 வயதில், லடாக் மலைப்பாதையில் இறந்தார். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று யாரோ பொறுமையாக எழுதி வைத்ததால்தான் அவருடைய எழுத்து நிற்கிறது.

எலும்பு, பல் தொகுதி, முட்டை போன்ற ஏதாவது கண்ணில் பட்டால் அதை அசைக்க வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.