பேரனின் ஆட்டம் பார்க்கப் புறப்படுமுன்

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிமார் சிலர், படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம் வண்டியில், பேரப்பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஊர் ஊராகப் போகிறார்கள். 1939-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய லிட்டில் லீக்கில் சிறுவர் ஆட்டம் ஆறே இன்னிங்ஸ்தான். வழியில் டயர் வெடித்தால், பேரன் மட்டை பிடிப்பதைக் காணும் வாய்ப்பு போய்விடும்.

இவ்வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். தேயாத டயரும் வயதானால் வெடிக்கும். பக்கவாட்டில் ‘டிஓடி’ எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கூரை இணைப்புகளில் பூசிய பசை விரிசல் விட்டால், மழைநீர் இறங்கி உள்மரம் அழுகும். குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். உறைந்தால் குழாய் பிளந்துவிடும். அது தெரியவருவதோ பெரும்பாலும் வசந்தத்தில், ஆட்டங்கள் தொடங்கும்போதுதான்.