ஃப்ளூ அச்சம்: மிகையா, முன்னெச்சரிக்கையா?

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் புனே நகரில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். எச்1என்1 என்ற புதிய இன்ஃபுளூயன்ஸா வைரஸினால் இந்தியாவில் நேர்ந்த முதல் சாவு அது. அடுத்த சில நாட்களில் அந்நகரின் நாயுடு மருத்துவமனை முன்பு பரிசோதனைக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். முகக்கவசங்கள் கடைகளில் கிடைக்காமற் போயின. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. அதே வேளையில் மற்றொரு குரலும் எழுந்தது. காசநோயினால் இந்நாட்டில் நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறக்கின்றனர். அதற்கெல்லாம் கலங்காதவர்கள் ஒரு காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் செய்கின்றனர் என்று பலர் கேட்டனர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதில் ஒரு நுட்பமான பிழையும் உண்டு. காசநோயின் அளவு நாம் அறிந்தது; அடுத்த ஆண்டு அது எவ்வளவு பேரைப் பலிகொள்ளும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். புதிய வைரஸைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. ஒரு நோய் இதுவரை எத்தனை பேரைக் கொன்றது என்பதும், இனி எத்தனை பேரைக் கொல்லக்கூடும் என்பதும் வேறு வேறு வினாக்கள். பொது விவாதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டன.

ஆறாம் கட்டம்

குழப்பத்திற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் சொல்லாட்சியும் ஒரு காரணம். 2009 ஜூன் 11 அன்று அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநர் மார்கரெட் சான், உலகளாவிய கொள்ளைநோயின் ஆறாவது கட்டம் தொடங்கிவிட்டதாக அறிவித்தார். அன்றைய நிலையில் 74 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டிருந்தது. கட்டங்களில் ஆறே உச்சம் என்பதால், நோயின் கொடுமையும் உச்சத்தை எட்டிவிட்டது என்றே பலர் கருதினர். உண்மையில் கட்டங்கள் குறித்தது நோய் பரவியிருந்த நிலப்பரப்பையே, கொடுமையை அன்று. உலகின் ஒரு மண்டலத்தில் இரு நாடுகளில் சமூகத்தினுள் பரவினால் ஐந்தாம் கட்டம். வேறொரு மண்டலத்தின் நாடொன்றிலும் அவ்வாறு பரவினால் ஆறாம் கட்டம். நோயின் கடுமை நடுத்தரமானது என்று அந்த அறிவிப்பிலேயே சான் கூறினார். ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது ஆறு என்ற எண்தான்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் நேர்ந்தது. கொள்ளைநோய் என்றால் பெருந்தொகையான சாவுகளும் நோயும் ஏற்படும் என்று அந்நிறுவனத்தின் இணையப் பக்கம் ஒன்றில் காணப்பட்ட விளக்கம் 2009 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அது முறையான வரையறை அன்று என நிறுவனம் விளக்கிற்று. எனினும், நோய் பரவிக்கொண்டிருக்கும் வேளையில் சொற்களை மாற்றியதைக் குறைகூறுவோர் எளிதில் விடவில்லை. பல ஐரோப்பிய அரசுகள் தடுப்பூசி நிறுவனங்களுடன் முன்னரே செய்திருந்த ஒப்பந்தங்கள், ஆறாம் கட்ட அறிவிப்போடு செயலுக்கு வரும் வகையில் அமைந்திருந்தன என்பதும் ஐயத்தை வளர்த்தது.

எண்ணிக்கையின் புதிர்

புதிய காய்ச்சல் ஒன்றின் கொடுமையை அளக்க, இறந்தோர் தொகையை நோயுற்றோர் தொகையால் வகுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் தொடக்கத்தில் மருத்துவமனைக்கு வருவோர் மிகக் கடுமையாக நோயுற்றவர்களே. வீட்டிலேயே படுத்து எழுந்தவர்கள் கணக்கில் சேருவதில்லை. வகுக்கும் எண் சிறிதாக இருப்பதால் விகிதம் பெரிதாகத் தோன்றுகிறது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து வந்த முதற் செய்திகள் உலகை அச்சுறுத்தியது இவ்வாறுதான்.

நம் நாட்டுக் கணக்கும் இதற்குத் தக்க சான்று. 2009-இல் 27,236 பேருக்கு நோய் உறுதியாயிற்று; 981 பேர் இறந்தனர். 2010-இல் நோய் உறுதியானோர் 20,604 பேர். இறந்தோர் 1,763 பேர். நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக இருந்த சாவு விகிதம் நூற்றுக்கு எட்டைத் தாண்டிவிட்டது. வைரஸ் ஓராண்டில் இருமடங்கு கொடியதாயிற்று என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. இடையில் பரிசோதனை முறை மாறியிருந்தது. மத்திய அரசின் நெறிமுறை நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது. லேசான காய்ச்சல் உடையோர் முதல் வகை. அவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை, வீட்டில் ஓய்வெடுத்தால் போதும். காய்ச்சல் மிகுந்தோரும், கர்ப்பிணிகள், முதியோர், வேறு நோயுள்ளோர் முதலியோரும் இரண்டாம் வகை. மூச்சுத் திணறல் போன்ற அபாயக் குறிகள் உடைய மூன்றாம் வகையினருக்கே பரிசோதனையும் மருத்துவமனை அனுமதியும். நடைமுறைக்கு இது முற்றிலும் அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் அதன் பின் கிடைத்த புள்ளிவிவரத்தை நோயின் கொடுமைக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. நிருவாகத்திற்காகத் திரட்டிய எண்களை அறிவியல் அளவையாகப் பயன்படுத்தும் பழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் தொடர்கிறது.

எதிர்ப்புறத்திலும் பிழை உண்டு. உலகெங்கும் ஆய்வுக்கூடத்தில் உறுதியான சாவுகள் சற்றொப்ப 18,500. சாதாரண ஆண்டுகளில் ஃப்ளூவினால் நேரும் சாவுகளின் மதிப்பீட்டோடு இதனை ஒப்பிட்டு, புதிய நோய் அற்பமானது என்று பலர் வாதிட்டனர். ஒன்று பரிசோதனையில் அகப்பட்ட சாவுகளின் எண்ணிக்கை. மற்றது கணித முறையில் பெற்ற மதிப்பீடு. இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. 2012-இல் வெளியான ஒரு மதிப்பீடு, முதல் ஓராண்டில் 1,51,700 முதல் 5,75,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கண்டது. இவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் 65 வயதுக்குட்பட்டவர்கள். வழக்கமான ஃப்ளூ முதியோரையே பெரிதும் பலிகொள்ளும். இதுவோ இளைஞரையும் கர்ப்பிணிகளையும் தேடிச் சென்றது. சாவுகளின் தொகையை மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

பிரிட்டனில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். மிக மோசமான சூழ்நிலையில் 65,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று 2009 ஜூலையில் அங்கு கணிக்கப்பட்டது. திட்டமிடுவதற்கான மேல்வரம்பு அது. செய்தித்தாள்களோ அதனை ஆரூடம் போல் வெளியிட்டன. பின்னர் அமைந்த மறுஆய்வு கணக்கிட்ட சாவுகள் 457. அதிகாரிகள் பொய் சொல்லவில்லை. இருப்பினும் மக்கள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தனர்.

இரு முன்னிகழ்ச்சிகள்

அச்சமூட்டியோரும் அதனை எள்ளியோரும் தத்தமக்கு உகந்த வரலாற்றை எடுத்துக்காட்டினர். 1918 ஜூனில் பம்பாயில் தோன்றிய இன்ஃபுளூயன்ஸாவின் முதல் அலை ஓரளவு மென்மையாகவே கடந்து சென்றது. செப்டம்பரில் வந்த இரண்டாம் அலை நாட்டையே சூறையாடிற்று. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்தனர் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921 கணக்கெடுப்பில் 25.13 கோடியாகக் குறைந்திருந்தது. முதல் அலை மென்மையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்ற வாதத்தை 1918-ஐ அறிந்த எவரும் ஏற்க மாட்டார்.

1976-இன் கதை வேறு. அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் இராணுவ முகாமில் பன்றி வைரஸை ஒத்த வைரஸால் ஒரு வீரர் இறந்தார். 1918 திரும்பிவிட்டது என அஞ்சிய நிபுணர்களின் அறிவுரைப்படி, மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி போடப்படும் என்று மார்ச் மாதத்தில் அதிபர் ஃபோர்டு அறிவித்தார். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை நான்கு கோடிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். நோயோ முகாமைவிட்டு வெளியே பரவவே இல்லை. ஊசி பெற்றோருள் ஏறத்தாழ இலட்சத்தில் ஒருவருக்குக் கில்லான்-பாரே என்னும் நரம்புத் தளர்ச்சி நோய் கூடுதலாகக் காணப்பட்டதால் திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசியைத் தயாரிப்பது ஒரு முடிவு. அதனைப் போடுவது மற்றொரு முடிவு. தயாரித்து இருப்பில் வைத்துக்கொண்டு, நோய் பரவுகிறதா என்று பார்த்திருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் முடிவு செய்ததே பிழை என்று ஹார்வி ஃபைன்பெர்க்கும் ரிச்சர்ட் நியூஸ்டாட்டும் 1978-இல் எழுதிய ஆய்வைப் படிப்போர் உணர்வர்.

விசாரணையும் விடையும்

அதே ஃபைன்பெர்க் 2010-இல் மீண்டும் இவ்வரலாற்றில் தோன்றுகிறார். மருந்து நிறுவனங்களின் நலனுக்காகவே அச்சம் பெரிதாக்கப்பட்டது என்று ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவையில் குற்றச்சாட்டு எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைத் தயாரிப்பதில் பங்குகொண்ட சில அறிஞர்கள் மருந்து நிறுவனங்களிடம் பணம் பெற்றிருந்ததும், அது வெளிப்படுத்தப்படாததும் 2010 ஜூனில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. நெருக்கடிநிலைக் குழு உறுப்பினர்களின் பெயர்களோ கொள்ளைநோய் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்ட 2010 ஆகஸ்டு வரை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. ஃபைன்பெர்க் தலைமையிலான மறுஆய்வுக் குழு, வணிக நோக்கால் முடிவுகள் திரிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என 2011-இல் கூறிற்று. ஆனால் கொடுமையை அளக்க நிலையான முறை இல்லாமையையும், இரகசியத்தையும் அது கண்டித்தது. என் கருத்தில், பெயர்களை மறைத்தது ஊழலைவிடச் சிறிய குற்றமாயினும் விளைவில் குறைந்ததன்று. 2020-இல் கோவிட் தோன்றியபோது அதுவும் மற்றொரு ஃப்ளூவே என்று சொன்னவர்களுக்கு 2009-இன் நினைவு கைகொடுத்தது.

இந்தியாவில் தயாரான எச்1என்1 தடுப்பூசிகள் 2010 ஜூன், ஜூலை மாதங்களில்தான் சந்தைக்கு வந்தன. அடுத்த மாதமே கொள்ளைநோய் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. வைரஸ் முடிந்துவிடவில்லை, பருவந்தோறும் வரும் ஃப்ளூவாக நிலைபெற்றது. 2015-இல் 42,592 பேருக்கு நோய் உறுதியாகி 2,990 பேர் இறந்தனர். 2009-இன் சாவுகளைப் போல் இது மும்மடங்கு. குஜராத்தும் இராஜஸ்தானும் பெரிதும் பாதிக்கப்பட்டன. ஆயினும் 2009-இன் கலக்கம் நாடு முழுவதும் மீண்டும் எழவில்லை; புதியது என்ற அச்சம் அகன்றிருந்தது.

2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்ஃபுளூயன்ஸாவின் கடுமையை மூன்று தனித்தனி அளவைகளால் மதிப்பிடும் முறையை வெளியிட்டது: எவ்வளவு எளிதில் தொற்றுகிறது, தொற்றியோருள் எத்தனை பேர் மோசமடைகின்றனர், மருத்துவமனைகளும் சமூகமும் எவ்வளவு பளு சுமக்கின்றன என்பன அவை. இவற்றைக் கணிக்க, சாதாரண ஆண்டுகளின் கணக்கும் கையில் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ற ஐந்து ஆண்டுகளில் ஜூலை மாதந்தோறும் எத்தனை பேர் மூச்சுத் திணறலுக்காகச் சேர்க்கப்பட்டனர் என்று கேட்டால், பதிவேட்டைத் திறந்து விடை கூறும் நிலையில் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் இருத்தல் வேண்டும்.