மேலாளர் மாறினால் ஊழியரின் உழைப்பும் மாறுவது ஏன்? உளவியல் சொல்வது என்ன?

அதே அலுவலகம், அதே நாற்காலி, அதே சம்பளம். மேலாளர் மட்டும் மாறுகிறார். நேற்று வரை மணி ஆறடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், இன்று "இதை முடிச்சிட்டே போயிடறேன் சார்" என்கிறார். நேர்மாறாகவும் நடப்பதுண்டு. ஓடியாடி வேலை செய்த ஒருவர், புதிய டீம் லீடர் வந்த மூன்றே மாதத்தில் மீட்டிங்கில் வாயைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்.

"எல்லாம் ஆளைப் பொறுத்தது" என்று நாம் இதைக் கடந்துவிடுகிறோம். ஆனால், எந்தத் தலைமையின் கீழ் மனிதர்கள் மனம் ஒன்றி உழைக்கிறார்கள் என்பதை உளவியல் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

சம்பளம் கூட்டினால் போதாதா?

1971இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் இடையில் ஒரு கட்டத்தில், விடுவிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் பணம் தரப்பட்டது. பிறகு அது நிறுத்தப்பட்டது. பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வம் அவர்களிடம் குறைந்தது. முதலில் ஆசைக்காகச் செய்த வேலை, காசுக்காகச் செய்யும் வேலையாக மாறிவிட்டது.

அதற்காக, சம்பளம் முக்கியமில்லை என்று அர்த்தமல்ல. நியாயமான ஊதியம் இல்லாத இடத்தில் ஊக்கம் பற்றிப் பேசுவதே வீண். ஆனால் அதற்கு மேல் மூன்று விஷயங்கள் தேவை என்று டெசியும் ரிச்சர்ட் ரயனும் விளக்கினார்கள்: என் வேலையில் எனக்கும் ஒரு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, இந்த வேலை எனக்குக் கைவருகிறது, இங்கே நானும் ஒருவன் என்ற உணர்வுகள். ஒரு மேலாளர் தினமும் கூட்டுவதும் குறைப்பதும் இந்த மூன்றைத்தான்.

இந்திய ஊழியர் என்ன எதிர்பார்க்கிறார்?

எல்லோரையும் கலந்தாலோசித்து முடிவெடுப்பவரே சிறந்த தலைவர் என்பது மேற்கத்திய ஆய்வுகளில் வலுவாக இருந்த கருத்து. அது நம் அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டவர் பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா.

இங்கே பலர் மேலதிகாரியை வெறும் பதவியாகப் பார்ப்பதில்லை. வழிகாட்டும் மூத்தவராகப் பார்க்கிறார்கள். முதல் நாளே "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று விட்டால், அதைச் சுதந்திரமாக எடுத்துக்கொள்ளாமல் "சாருக்கு அக்கறை இல்லை" என்று நினைப்பவர்களும் உண்டு. வெறும் அதட்டலோ, கண்ணுக்கு முன்னால் மட்டும் வேலை நடக்க வைக்கும்.

இரண்டுக்கும் நடுவே சின்ஹா ஒரு வழியைச் சொன்னார். 1980இல் வெளியான அவரது நூல் அதை விரிவாகப் பேசியது. இந்தத் தலைவர் ஊழியரின் நலனில் அக்கறை காட்டுவார். ஆனால் அந்த அரவணைப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை நடக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். தொடக்கத்தில் கைபிடித்துச் சொல்லித்தருவார். ஊழியர் தேறத் தேற, பிடியைத் தளர்த்தி முடிவெடுப்பதில் பங்கு தருவார்.

கடைசிப் படிதான் பலர் தவறவிடும் இடம். அக்கறை காட்டும் மேலாளர் பிடியைத் தளர்த்தாமலே போனால், பத்து வருட அனுபவம் உள்ளவரும் ஒவ்வொரு மெயிலுக்கும் அனுமதி கேட்டு நிற்பார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சு, ஓவர்டைம் கேட்கும்போது மட்டும் வந்தால் அது அரவணைப்பே இல்லை.

பயம் இருந்தால்தானே வேலை நடக்கும்?

ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து தரும்போது நேரும் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன.

காரணம், அவர்கள் தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். கண்டிப்பு மிகுந்த இடங்களில் தவறுகள் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். கேள்வி கேட்டால், தவறை ஒப்புக்கொண்டால் அவமானப்பட நேராது என்ற நம்பிக்கையை 'உளவியல் பாதுகாப்பு' என்கிறார்கள். அது இல்லாத இடத்தில் மேலாளரின் காதுக்கு நல்ல செய்தி மட்டுமே வரும். மருத்துவமனையில் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

ஸ்ரீஹரிகோட்டாவில் என்ன நடந்தது?

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோல்வியடைந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் செய்தியாளர்களை எதிர்கொண்டு தோல்விக்குப் பொறுப்பேற்றவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தன் குழு மீது நம்பிக்கை இருப்பதாகவும் சொன்னார்.

1980 ஜூலை 18இல் அதே எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளர்களிடம் பேசும்படி தவன் அனுப்பியது கலாமை. பின்னாளில் பல மேடைகளில் கலாம் இதைத் தன் மிகப் பெரிய தலைமைப் பாடமாகச் சொன்னார்.

உளவியல் கண்ணோடு பார்த்தால் இது பெருந்தன்மை மட்டுமல்ல. தோல்வி தன் தலையில் கட்டப்படாது என்று தெரிந்த குழுவால்தான், என்ன பழுது என்பதை ஒளிவுமறைவின்றித் தேட முடியும்.

ஊழியருக்குப் பொறுப்பே இல்லையா?

உண்டு. ராபர்ட் கெல்லி 1988இல் எழுதிய கட்டுரையில், பின்தொடர்பவர்களை இரண்டு கேள்விகளால் பிரித்தார்: சுயமாகச் சிந்திக்கிறாரா? முனைப்போடு ஈடுபடுகிறாரா? ஓடியாடி உழைத்தும் சுயமாகச் சிந்திக்காதவர் 'ஆமாம் சாமி' ஆகிறார். சிந்தித்தும் ஈடுபடாதவர், கேன்டீனில் குறை சொல்வதோடு நின்றுவிடுகிறார். இரண்டும் சேர்ந்தவரே "சார், இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்று நேரில் சொல்பவர்.

அப்படிச் சொன்னவருக்கு அடுத்த அப்ரைசலில் என்ன நடந்தது என்பதை மொத்த டீமும் கவனிக்கும். அவர் தண்டிக்கப்பட்டால், அடுத்த சிக்கலை யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் மேலாளராக இருந்தால், உங்களிடம் ஒருவர் கெட்ட செய்தியோடு கடைசியாக வந்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால், சிக்கல் இல்லை என்று அர்த்தமாகாது. உங்களிடம் சொல்லவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.